அண்ணனின் ஏச்சுக்கு இடம் தேடிய மதினி

என் தம்பி பொய் சொல்கிறான். திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் அவன் வேலை பார்க்கும் கம்பெனியின் வரவேற்புக் கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்திருக்கிறார்கள். கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஒரே உடம்பாக, தடித்த புத்தகம் போலக் கிடக்கும். டி.வி.யோடு இணைத்தால்தான் எழுத்துத் தெரியும். பொத்தான்களில் ஆங்கிலத்தோடு அரபி எழுத்தும் இருக்கும். பக்கத்தில் ஒரு அட்டை: ‘நான் விளையாடி வளர்ந்த கணினி.’ கீழே தம்பியின் பெயர். அவன் அதில் விளையாடி வளரவில்லை. அது எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவன் மீசை வைத்துக்கொண்டு இன்ஜினியரிங் காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்தான். அது என் அண்ணனுக்கு வாயாக இருந்த பொருள். அந்த வாயை உண்டாக்கியவர் என் மதினி. அட்டையில் இரண்டு பேரும் இல்லை.

நாங்கள் வள்ளியூர்ப் பக்கம். கட்டட வேலைக்கு முதலில் திருவனந்தபுரம் வந்தவர் அண்ணன். கொத்தனாராக வந்து மேஸ்திரி ஆனார். அவருக்குப் பின்னால் வந்து நான் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை போட்டேன். தம்பி படிக்க வந்தான். மதினி நாகர்கோவில்காரர், கோட்டைக்குள் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் டீச்சர். அங்கே கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கியபோது அதையும் படித்து அதையும் நடத்தினார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு துபாய்க்காரருக்கு அண்ணன் வீடு கட்டிக் கொடுத்தார். பால்காய்ச்சு அன்றைக்கு அந்த மனிதர் சந்தோஷத்தில், தன் பிள்ளைகள் விளையாடி அலுத்த இந்தக் கம்ப்யூட்டரை ‘டீச்சருக்கு இருக்கட்டும்’ என்று தந்தார். கூடவே ஒரு கார் விளையாட்டு. உள்ளங்கை அளவு கறுப்புக் கட்டை, கம்ப்யூட்டரின் தலையில் உள்ள வாயில் செருகினால் டி.வி.யில் கார் ஓடும். எல்லாம் அலமாரி மேலே போயிற்று.

அந்த மழைக்காலத்தில் அண்ணனுக்கு வாதம் அடித்தது. வாயும் வலது கையும் போயின. புத்திக்கு ஒரு குறைவும் இல்லை. தளத்தில் நின்று அவர் கத்தினால் ரோட்டில் போகிற ஆள் நின்று பார்ப்பான். அந்தத் தொண்டையிலிருந்து ஒரு முனகல்தான் வந்தது. இடது கையில் எழுத வரவில்லை. ஒரு விரலால் அமுக்க மட்டும் முடிந்தது. மதினி அலமாரி மேலிருந்து கம்ப்யூட்டரை இறக்கினார். அதற்குத் தமிழ் தெரியாது. கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்து ஒவ்வொரு எழுத்தாக வரைந்து, அந்தப் புள்ளிகளைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். பொத்தான்கள் மேல் ஆஸ்பத்திரி பிளாஸ்திரியை வெட்டி ஒட்டி, அதன் மேல் தமிழில் எழுதினார். ஒரு பொத்தானை அமுக்கினால் ‘தண்ணி வேணும்’ என்று டி.வி.யில் முழு வரியாக விழும். இன்னொன்றை அமுக்கினால் ‘கால் மரத்துப்போச்சு.’ கரண்ட் போனால் எல்லாம் அழிந்துவிடும். எல்லாவற்றையும் ஒரு கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். மறுபடி டேப் ரிக்கார்டரில் அந்தக் கேசட்டைப் போட்டு அந்தக் கீச்சுச் சத்தம் முடியும்வரை காத்திருந்தால்தான் அண்ணனுக்குப் பேச்சு திரும்பும்.

அதோடு நிறுத்தியிருந்தாலே ஊர் மெச்சியிருக்கும். மதினி நிறுத்தவில்லை. ஒருநாள் கடைக்கு வந்து சொன்னார்: “தண்ணி, சோறு, கக்கூஸ், வலிக்கி. இதுவா கொழுந்தனாரே உங்க அண்ணன்? இத ஆஸ்பத்திரியில கெடக்குற எவனும் சொல்லுவான். இவரு ஏசணும். என்னை ஏசணும், உங்கள ஏசணும்.”

ஏச்சு சேகரிக்க அண்ணனிடம் வேலை பார்த்த கொத்தனார்களை வீட்டுக்கு வரச் சொன்னார். வந்தவர்கள் வாசலில் துண்டை முறுக்கிக்கொண்டு நின்றார்கள்.

“மேஸ்திரி எங்கள ஏசினத உங்ககிட்ட எப்படிச் சொல்ல டீச்சரே?”

“வாயாலதான். ம், சொல்லு. நான் டைப் அடிக்கணும்.”

“கொஞ்சம் மோசமா இருக்கும் கேட்டோ.”

“ஸ்பெல்லிங் சரியா இருந்தாப் போதும்.”

ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு ஒன்று சொன்னான். அடுத்தவன், “லேய், அது ஒனக்கு வச்சது, எனக்கு வச்சது வேற” என்று தொடங்கினான். உள்ளே கட்டிலில் அண்ணனின் உடம்பு சிரிப்பில் குலுங்கியது. வாதம் வந்த பிறகு அன்றுதான் அவர் சிரித்து நான் பார்த்தேன். ஆனால் ஏச்சுகளை ஏற்றத் தொடங்கியதும் கம்ப்யூட்டர் மறுத்துவிட்டது. மெமரி நிறைந்துவிட்டது. தேவைகளுக்கு மட்டும்தான் அதில் இடம் இருந்தது.

தம்பி அன்றைக்குச் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. “இது செத்த மாடல் மதினி. இதுக்கு மெமரி இனி எங்கயும் கிட்டாது. விட்டுருங்க.”

“உங்க அண்ணன் சாகல்ல. அவரு மாடலுக்கு நான் தேடுவேன்” என்றார் மதினி.

தேடினார். ஊரில் இருந்த கம்ப்யூட்டர் கடைகளில் அந்தப் பெயரைக் கேட்டவர்கள் கையை விரித்தார்கள். வளைகுடாவில் இருப்பவரிடம் செருப்பு வாங்கிவரச் சொல்பவர்கள் காலைத் தாளில் வைத்து, சுற்றி வரைந்து கொடுத்தனுப்புவார்கள். மெமரியும் அதே வாயில் செருகுகிற கட்டையாகத்தான் வரும் என்பதால், மதினி கார் விளையாட்டுக் கட்டையைத் தாளில் வைத்து, சுற்றி வரைந்தார். ‘இதே அளவு. மெமரி. விளையாட்டு வேண்டாம்’ என்று கீழே எழுதி, கம்ப்யூட்டரின் பெயரையும் ஆங்கிலத்தில் எழுதினார். விமானம் ஏறப் போகிறவர், வழியனுப்பப் போகிறவர் என்று என் கடைக்கு வரும் எல்லார் கையிலும் ஒரு தாளைக் கொடுத்தேன். பொருட்களும் வரத்தான் செய்தன. ஆனால் அங்கே கடைக்காரன் தாளின் மேல் வைத்துப் பார்ப்பான், அளவு சேர்ந்தால் கட்டிக் கொடுத்துவிடுவான். செருப்பென்றால் கால் நுழைந்தால் போதும். இதில் நுழைவது மட்டும் போதாது. வீட்டில் செருகி ஸ்விட்ச் போட்டால் ஒன்றில் குரங்கு மரமேறியது, ஒன்றில் விமானம் குண்டு போட்டது. எல்லாம் விளையாட்டு. தம்பி அதில் விளையாடினான் என்றால் இந்த நாட்களில்தான் விளையாடினான். மதினி ஒன்றையும் தூக்கிப் போடாமல் துடைத்து எடுத்து வைத்தார்.

ஒரு தாளை என் கடையில் பரோட்டா கண்ணாடிப் பெட்டிக்கு மேலே ஒட்டியிருந்தேன். டீ குடிக்க வந்த ஆட்டோக்காரர் ஒருவர் அதைப் பார்த்து, “இது எங்க குஞ்ஞும்மா வீட்டு ஷோகேஸ்ல இருக்கே” என்றார். சின்னம்மாவைத்தான் அப்படிச் சொன்னார். சொல்லி அனுப்பினேன். மதினி இன்ஸ்டிடியூட்டிலிருந்து வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். கையில் தவறாக வந்த கட்டைகள் அத்தனையும் ஒரு பையில். எதற்கு என்று கேட்டேன். “இருக்கட்டும்” என்றார். நானும் கூடப் போனேன். விமான நிலையத்தை ஒட்டிய தெருவில் அந்த வீடு. வரவேற்பறையில் சுவர் அகலத்துக்கு ஷோகேஸ். உடைக்காத சென்ட் பாட்டில், பிளாஸ்டிக் பொம்மை, டார்ச் லைட், மகன் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த எல்லாம் வரிசையாக நின்றன. நடுவில் படம் எதுவும் இல்லாத ஒரு கறுப்புக் கட்டை. மதினி அதைத் திருப்பி அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். தேடிய மெமரிதான். அண்ணனின் கதையை முழுக்கச் சொன்னார். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார், ஆனால் கட்டையைத் தரவில்லை.

“அதெடுத்தால் அவிடம் ஒழிஞ்ஞு கெடக்கும் மோளே.”

அந்த இடம் காலியாகத் தெரியும், அதுதான் அவர் கவலை. மதினி பையைத் திறந்தார்.

“ஒழிஞ்சு கெடக்காது உம்மா. இதெல்லாம் அதே அளவு. எது வேணுமோ எடுத்துக்கோங்க.”

உம்மா ஒவ்வொன்றாக ஷோகேஸில் வைத்து, தள்ளி நின்று பார்த்தார். கடைசியில் குரங்குப் படம் போட்டதை எடுத்துக்கொண்டார். “இது மதி. இதில் படமுண்டல்லோ” என்று, இதுவே போதும், இதில் படமும் இருக்கிறதே என்று, தனக்குத்தான் லாபம் என்பது போலச் சிரித்து, எங்களுக்குச் சாயா போட்டுத் தந்தார். உதவாத பொருளை உதவ வைத்த அந்த மூளையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. ஏமாற்றவில்லை, கெஞ்சவில்லை, அடுத்தவர் ஷோகேஸின் மரியாதையைக்கூடக் குறைக்கவில்லை.

அன்று சாயங்காலம் மெமரியைச் செருகி, கேசட்டை ஓடவிட்டு, ஏச்சு எல்லாம் ஏற்றி, அதையும் கேசட்டில் பதிந்து முடித்தார். அண்ணனுக்கு டீ கொண்டுவந்து வலது பக்கம், விளங்காத கைப்பக்கம் வைத்தார். வேண்டுமென்றே வைத்தாரோ என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. அண்ணன் டீயைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார், இடது விரலால் ஒரு பொத்தானை அமுக்கினார். டி.வி.யில் பெரிதாக விழுந்தது: ‘கண்ணு என்ன பின்னால பொடதியிலயா இருக்கு?’

மதினி டம்ளரை இடது பக்கம் மாற்றி வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: “எழுத்துப்பிழை இல்லாம ஏசுதாரு பாருங்க.”

அதன் பிறகு அண்ணன் பல வருஷம் இருந்தார். கொத்தனார்கள் சந்தேகம் கேட்க வந்தார்கள், ஏச்சு வாங்கிக்கொண்டு போனார்கள். கடன் சொல்லிப் போன வாடிக்கையாளரை நான் நம்பியபோது எனக்கும் விழுந்தது. வீடு வீடாக இருந்தது. அவர் போன பிறகு மதினி மகளோடு நாகர்கோவிலுக்குப் போய்விட்டார். மெமரிக் கட்டையோடு கம்ப்யூட்டரைத் தம்பி வாங்கி வைத்துக்கொண்டான். “பத்திரமா இருக்கும் மதினி” என்று சொல்லித்தான் வாங்கினான்.

போன ஓணத்துக்குக் கம்பெனியில் குடும்பத்தாரை அழைத்திருந்தார்கள். நானும் மதினியும் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் டி.வி.யில் கார் ஓடிக்கொண்டிருந்தது. பிளாஸ்திரியைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். வாயில் செருகியிருந்தது கார் படம் போட்ட கட்டை. மதினி அட்டையைப் படித்தார். பஸ்ஸில் ஏறின பிறகுதான் தோள்பையைத் திறந்து காட்டினார். உள்ளே அந்தக் கேசட். ஒருதடவை ஓடவிட்டுப் பார்க்கலாம் என்று ஊரிலிருந்து எடுத்து வந்திருக்கிறார். தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்க மாட்டார். நான் கேட்பேன்.

லேய் தம்பி, நான் இதை எழுதுகிற இந்தப் பத்திரிகை உன் ஆபீஸுக்கும் வருகிறது. உம்மா ஷோகேஸிலிருந்து வந்த அந்தக் கறுப்புக் கட்டை எங்கே? இருக்கிறதா, குப்பையில் போட்டாயா? வீட்டுக்கு வந்து என் காதில் சொல்லாதே. நீ பொய்யை எழுதியது ஊர் பார்க்க. பதிலையும் இதே பத்திரிகையில் ஊர் படிக்க எழுது. கட்டை இருந்தால், பெட்டியைத் திறந்து அதைச் செருகி வை. டேப் ரிக்கார்டரை நான் தூக்கி வருகிறேன், மதினி கேசட்டோடு வருவார். உன் கூடத்தில் எல்லாரும் நிற்க, அண்ணன் உன்னை ஏசட்டும்.