உட்கார்ந்து பார்த்த நாற்காலி

பழைய மரச்சாமான்களுக்கு மெருகேற்ற அங்கப்பனை விட்டால் ஆளில்லை என்று நான் சொன்னால், கடைக்காரன் வாடிக்கையாளரைத் தூக்கிப் பேசுகிறான் என்பார்கள். பேசட்டும். இருபது வருஷமாக அன்னூரில் என் கடையில்தான் உப்புத்தாளும் அரக்கும் ஸ்பிரிட்டும் வாங்குகிறார். உப்புத்தாளைத் தடவிப் பார்த்தே நம்பர் சொல்லிவிடுவார்.

வேலையெல்லாம் தோட்டத்து வீடுகளில். சாமான்களை வாசலில் இறக்கி வைப்பார்கள், இவர் நாள் முழுக்கக் குத்துக்காலிட்டுத் தேய்ப்பார். நாற்காலிக்குப் பசை போட்டு ஒட்டியதும் வீட்டுக்காரர் அதில் உட்கார்ந்து அசைய வேண்டும். எந்த மூட்டு முனகுகிறது என்று இவர் பக்கத்தில் நின்று கேட்பார். இவர் உட்கார்ந்ததில்லை. இவர் அப்பா அதே தோட்டங்களில் பண்ணையாள். சாதி பார்த்து வாசலோடு நிறுத்தினார்கள். இப்போது யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அறுபதை நெருங்கும்போது முழங்கால் போய்விட்டது. பஸ் ஏற முடியாது. சாமான்கள் தன் வீடு தேடி வந்தால்தான் இனிப் பிழைப்பு. கேட்ட இடத்திலெல்லாம் பார்க்கலாம் என்றார்கள். பெருந்துறையில் கம்பெனி வைத்திருக்கும் கிருபாசங்கர் மட்டும் தன் தாத்தாவின் ஈட்டிமர நாற்காலியை வேனில் அனுப்பினான். இது நன்றாக வந்தால் கட்டில், பீரோ, ஊஞ்சல் எல்லாம் வரும். அந்த வீட்டைப் பார்த்து மற்ற வீடுகளும் அனுப்பும். அங்கப்பன் அதைத்தான் மலைபோல் நம்பியிருந்தார்.

பெயிண்டைச் சுரண்டி, மூட்டுகளைப் பிரித்து ஒட்டி, ஏழு முறை அரக்கு பூசினார். உட்கார்ந்து பார்க்க வீட்டுக்காரர் இல்லை. மனைவி மாசாணியம்மாளைக் கூப்பிட்டார்.

"நானாங்க? வேண்டாமுங்க."

"உக்காரு புள்ள. நான் சத்தம் கேக்கோணும்."

அவர் உட்கார்ந்து அசைந்துகொண்டிருந்தபோதுதான் கிருபாசங்கரின் அம்மா காரில் வந்து இறங்கினார். மாசாணியம்மாள் பதறி எழுந்தார். அந்த அம்மா கோபப்படவில்லை, சிரிக்கக்கூடச் செய்தார். "நல்லா வந்திருக்குது அங்கப்பா. அப்பறம் வேன் அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேன் வரவில்லை. மூன்று வாரம் கழித்து, வரப்போகும் கட்டிலுக்கென்று அவர் சொல்லியிருந்த ஸ்பிரிட் கேனைக் கொடுக்க நான் போயிருந்தேன். என் எதிரிலேயே போன் செய்தார். ஸ்பீக்கரில் கிருபாசங்கரின் குரல் கேட்டது.

"அண்ணா, கூலி போட்டுட்டேனுங்க. நாற்காலிய நீங்களே வெச்சுக்கங்க. அம்மா வேண்டாங்கறாங்க."

"ஏதாச்சும் கொறைங்களா தம்பி?"

"கொறையெல்லாம் இல்லீங்ணா. அம்மாவப் பத்தி உங்களுக்குத் தெரியாததாங்ணா?"

"அந்தக் கட்டிலு, பீரோவெல்லாமுங்க?"

"அதெல்லாம் கோயமுத்தூர்ல ஒரு கடைக்குப் போயிருச்சுங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த அம்மா எனக்குத் தூரத்துச் சொந்தம் வேறு. வெட்கமாகவும் இருந்தது.

கொல்லையில் துணி காயப்போட்டுவிட்டு மாசாணியம்மாள் உள்ளே வந்தார். "யாருங்க போன்ல?"

"சின்னவரு. நாற்காலிய நம்மளையே வெச்சுக்கச் சொல்லிப்போட்டாரு."

மாசாணியம்மாள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "நெசமாவாங்க? வேலை அவ்வளவு புடிச்சுப்போச்சாட்ட இருக்குது. நல்ல மனுசங்க. நான் உக்காந்திருந்தத அந்தம்மா பாத்துப்போட்டாங்களேன்னு இத்தன நாளா பயந்துட்டே இருந்தனுங்க."

அங்கப்பன் என்னைப் பார்த்தார். பிறகு அவரிடம் திரும்பினார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல புள்ள," என்றார்.