கூழைக்கடாவுக்கும் நாரைக்கும் நடுவில் சஹானா

பெரிய ஆராய்ச்சியாளர்களின் வாழ்க்கை வரலாற்றை அவர்கள் பெரியவர்களான பிறகு எழுதுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அதற்குள் உண்மை தெரிந்தவர்கள் எல்லாம் வீடு மாறிப் போயிருப்பார்கள். மிஞ்சியவர்கள் மரியாதைக்காகப் பொய் சொல்வார்கள். ஆகவே, படூரில் ஓ.எம்.ஆர். சாலையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பின் சி பிளாக்கில் வசிக்கும் சஹானா அவர்களின் வரலாறு, அவர் ஒன்பதாம் வகுப்பில் காலடி வைக்கும் முன்பே இங்கே பதிவு செய்யப்படுகிறது.

ஆராய்ச்சியாளரின் தந்தை தாமோதரன் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை செய்கிறார். என்ன வேலை என்று வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கேட்டால், போனில் இருப்பதாகக் கையைக் காட்டுவார். தாய் பிரபாவதி கேளம்பாக்கத்தில் கணக்கு டீச்சர். இளம் வயதில் சஹானாவிடம் மேதைமையின் அறிகுறி எதுவும் தென்படவில்லை என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார், அவ்வளவுதான். லிஃப்ட் முனகுவது உள்ளே நிற்பவரின் எடையைப் பொறுத்ததா என்று அறிய, சின்ன வயதிலேயே குடியிருப்பின் கனமான பெரியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஏற்றி இறக்கினார். சங்கத்தில் புகார் வந்தது. ஆராய்ச்சி நிற்கவில்லை.

இந்த ஜனவரியில் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றிலிருந்து அறிவிப்பு வந்தது. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிப்பவர்களுக்குக் கோடையில் செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சி முகாம். சொந்தமாக ஓர் ஆராய்ச்சி செய்து நேரில் விளக்க வேண்டும். தேறுகிறவர்கள் ஆய்வுக்கூடத்தில் நிஜ ஆராய்ச்சியாளர்களோடு உட்கார்ந்து வேலை பார்க்கலாம். சஹானா எட்டாம் வகுப்பு. அடுத்த வருஷம் விண்ணப்பிக்க முடியாது. அந்த ஆய்வுக்கூடத்தில் தனக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்று அன்று சாயங்காலமே முடிவு செய்துவிட்டார்.

குடியிருப்பே ஆராய்ச்சியில் இறங்கியது. இதில் ஒரு மரபு உண்டு: ஆராய்ச்சி குழந்தையின் பெயரில் நடக்கும், கையெழுத்தும் குழந்தையுடையதாக இருக்கும், நடுவில் உள்ளதை அப்பா பார்த்துக்கொள்வார். பி பிளாக் ஆதித்யாவின் தந்தை பூங்காவில் நடந்துகொண்டே, "நாங்க இந்த வருஷம் சிறுநீரகக் கல்" என்று அறிவித்தார். கேட்டவர்கள் முதலில் அனுதாபப்பட்டார்கள். கண்ணின் படத்தைப் பார்த்துக் கல்லைக் கண்டுபிடிக்கும் திட்டம் அது என்று பிறகுதான் தெரிந்தது.

தாமோதரனும் மகளுக்காகப் புற்றுநோயா, பூகம்பமா என்று யோசித்துவைத்திருந்தார். சஹானா கேட்கவில்லை. வேடந்தாங்கலுக்கு வரும் பறவைகளில், பை போன்ற அலகுள்ள கூழைக்கடாவையும் மஞ்சள்மூக்கு நாரையையும் படத்தைப் பார்த்தே பிரித்துச் சொல்லக் கணினிக்குக் கற்றுத்தரப் போவதாகச் சொன்னார். அதற்கென இலவச இணையதளம் இருக்கிறது. ஒரு குவியல் கூழைக்கடா, ஒரு குவியல் நாரை என்று படங்களைக் கொட்டினால், வித்தியாசத்தை அதுவே கற்றுக்கொள்ளும்.

படங்களுக்குப் பஞ்சமே இல்லை. குடியிருப்பில் பறவைப் படம் எடுப்பவர்கள் இருவர்: அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் பணிபுரியும் அச்சுதன், வங்கி மென்பொருள் எழுதும் ஸ்டான்லி. முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்திருப்பவர்கள். திருப்போரூர்ப் பக்கம் மனைகளுக்குக் கல் நட்டுப் பிரித்திருப்பதுபோல, இவர்களுக்குள் பறவைகள் பிரிக்கப்பட்டிருந்தன. கூழைக்கடா அச்சுதனுடையது. நாரை ஸ்டான்லியுடையது. யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனால் ஸ்டான்லி தவறியும் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கூழைக்கடாவைப் போட்டதில்லை. ஏரியில் கூழைக்கடா குறுக்கே பறந்தால் மனுஷன் கேமராவைக் கீழே இறக்கிவிடுவார்.

இருவரும் படங்களை மனமுவந்து கொடுத்தார்கள். ஒரே நிபந்தனை, படத்தில் உள்ள பெயரை வெட்டக் கூடாது. அச்சுதன் தன் படங்களில் மஞ்சள் நிறத்தில் 'அச்சுதன் க்ளிக்ஸ்' என்று போடுவார். பறவை பிடிக்கும் இடத்தில் பாதியைப் பெயர் பிடிக்கும். ஸ்டான்லியின் பெயர் சிவப்பில், மேல் மூலையில், சற்றே அடக்கமாக இருக்கும்.

கணினி கற்றுக்கொண்டது. அதே குவியல்களிலிருந்து எடுத்துவைத்த படங்களைக் காட்டியபோது, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாகச் சொன்னது. தாமோதரன் அந்த எண்ணைக் கல்லூரிக்கு அனுப்பிய சுருக்கத்தில் போட்டு, குழுவிலும் போட்டார். ஆதித்யாவின் தந்தை அன்று நடைப்பயிற்சிக்கு வரவில்லை.

நேர்காணலுக்குக் கொஞ்ச நாள் முன்பு விஷாகா வந்தாள். சஹானாவின் வகுப்புத் தோழி. திருப்போரூர்க் கோயில் பக்கம் அவள் அப்பா டிபன் கடை வைத்திருக்கிறார். விஷாகாவுக்கு மேதைகளிடம் பயம் கிடையாது. மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, குழுவில் அச்சுதன் அனுப்பியிருந்த பொங்கல் வாழ்த்துப் படத்தை அதற்குக் காட்டினாள். அச்சுதன் இரங்கல் செய்தியில்கூடத் தன் பெயரைப் போடுபவர், வாழ்த்தை விடுவாரா? கணினி தயங்காமல் தீர்ப்புச் சொன்னது: கூழைக்கடா, தொண்ணூற்றொன்பது சதவீதம்.

"இன்னாடி இது, பொங்கப் பானைய கூழைக்கடான்னு சொல்லிகினு கீது?" என்றாள் விஷாகா.

சஹானா எழுந்து வாசலுக்குப் போனார். தன் பள்ளி ஷூவைப் படம் எடுத்தார். கணினி தடுமாறியது. அதே படத்தின் ஓரத்தில் அச்சுதனின் மஞ்சள் பெயரை ஒட்டினார். ஷூ கூழைக்கடாவானது. சிவப்புப் பெயரை ஒட்டினார். ஷூ நாரையானது. பறவைகள் இல்லாமலேயே பறவைகளைப் பிரிக்கும் அரிய கருவி ஒன்றைத் தான் செய்திருப்பது அப்போது அவருக்குப் புரிந்தது.

"சாமி, உன் மெஷினு பறவையவே பாக்கல. அங்கிளுங்களத்தான் பாத்துகினு கீது," என்று விஷாகா முடித்துவைத்தாள்.

தாமோதரன் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஜட்ஜ் என்ன, பொங்கப் பானையவா தூக்கிட்டு வரப்போறார்? அவங்ககிட்டயும் அங்கிள் படத்தையே காட்டு," என்றார். தொண்ணூற்றெட்டு என்று ஊருக்கே சொல்லியாகிவிட்டது என்பது அவர் கவலை. சஹானாவின் கவலை வேறு. இதை எடுத்துக்கொண்டு அந்த நாற்காலியில் போய் உட்கார முடியாது; உட்கார்ந்தாலும் அது அச்சுதன் சாருக்குக் கிடைத்த இடம்தான்.

சஹானா போய் அச்சுதன் வீட்டு மணியை அழுத்தினார். பெயரை வெட்டிக்கொள்ள அனுமதி கேட்டு, மஞ்சள் பெயர் ஒட்டிய ஷூ படத்தையும் காட்டினார். அச்சுதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, 'கூழைக்கடா' என்று வந்ததை இரண்டு முறை பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அப்போ கம்ப்யூட்டருக்கே என் பேர் தெரியுதுங்கற."

"பேர் தெரியுது அங்கிள். பறவைதான் தெரியல."

அவர் இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டதாகத் தெரியவில்லை. வெட்டுவது மட்டும் நடக்காது என்றார். பெயர் இல்லாத படம் அநாதை ஆகிவிடும் என்றார். மனைவியைக் கூப்பிட்டு ஷூவைக் காட்டினார். ஆராய்ச்சியாளர்களின் வாழ்க்கையில் புரவலர்கள் இப்படிக் குறுக்கே நிற்பது புதிதல்ல. சஹானா சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. வேறொரு வழி சொன்னார்:

"சரி, வெட்ட வேணாம் அங்கிள். நீங்க நாரை எடுங்க. ஸ்டான்லி அங்கிள் கூழைக்கடா எடுக்கட்டும். ரெண்டு பறவையிலயும் ரெண்டு பேர் பேரும் இருந்தா, பேரை வச்சு அதால சொல்ல முடியாது. வேற வழியில்லாம பறவையப் பாத்துதான் ஆகணும்."

அச்சுதன் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஸ்டான்லி," என்றார் அச்சுதன் மெதுவாக, "கூழைக்கடாவையா?"

"ஏன் அங்கிள், உங்களுக்கு நாரை எடுக்க வராதா?"

"எனக்கா வராது?" என்று அவர் நிமிர்ந்த இடத்தில் வேலை முடிந்தது. ஏ பிளாக்கில் ஸ்டான்லியிடம் இவ்வளவு நேரம் ஆகவில்லை. அச்சுதன் சார் நாரை எடுக்கப்போகிறார் என்ற ஒற்றைத் தகவலே அவரை பேட்டரிக்கு சார்ஜ் போடவைத்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் தாமோதரனின் கார் புறப்பட்டது. பின் சீட்டில் அச்சுதனும் ஸ்டான்லியும் கைக்குழந்தையைப் போல மடியில் லென்ஸை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தார்கள். நடுவில் சர்வதேச எல்லையாக சஹானா. திருப்போரூரில் விஷாகா முன் சீட்டில் ஏறினாள். செங்கல்பட்டில் இட்லி சாப்பிடும்போது அச்சுதன் சட்னிக் கிண்ணத்தை ஸ்டான்லியின் பக்கம் நகர்த்தினார். அதைப் பேச்சுவார்த்தையின் தொடக்கமாகக் கொள்ளலாம்.

வேடந்தாங்கல் ஏரிக் கரையில் இருவரும் தள்ளித் தள்ளி நின்றார்கள். தண்ணீருக்குள் நின்ற மரங்களில் நாரைகள் அப்பிக்கிடந்தன. ஒரு கூழைக்கடா, அச்சுதனுக்கென்றே அனுப்பியதுபோல, வெயில் முகத்தில் பட, நேர் எதிரே வந்து இறங்கியது. அவர் விரல் துடித்தது.

"அங்கிள், நாரை," என்றார் சஹானா.

அச்சுதன் பெருமூச்சோடு லென்ஸைத் திருப்பினார். பக்கத்தில் ஸ்டான்லி கூழைக்கடாவை எடுத்துக்கொண்டிருக்கும் சத்தம் அவர் காதில் விழுந்தது, தாங்கிக்கொண்டார். வெகுநேரம் கழித்து ஸ்டான்லி பொறுக்க முடியாமல் பேசினார். "சார், தலைய குனியும்போது எடுக்காதீங்க. மூக்கு தண்ணிக்குள்ள போயிடும். நிமிரட்டும், அப்பறம் அடிங்க." எனக்குத் தெரியாதா என்றார் அச்சுதன். ஆனால் அடுத்த நாரை நிமிரும்வரை காத்திருந்தார். மத்தியானத்துக்குள், கூழைக்கடா எழும்பும் முன் எப்படிக் கால்களைச் சேர்த்துக்கொள்ளும் என்று அவர் நடித்துக் காட்ட, ஸ்டான்லி கவனமாகப் பார்க்கும் அளவுக்கு நிலைமை முன்னேறியிருந்தது. விஷாகா அந்த நடிப்பை வீடியோ எடுத்துவைத்திருக்கிறாள். சஹானா தன் பங்குக்கு, தந்தையின் போனை வாங்கி இரண்டு பறவைகளையும் பெயரில்லாமல் எடுத்தார்.

அந்தப் போன் படங்கள்தான் பரீட்சை. முதலில் பழைய கருவிக்குக் காட்டினார். பாதி சரி, பாதி தப்பு. காசு சுண்டிப் பார்த்தாலும் அதே பலன்தான். பிறகு மாற்றி எடுத்த படங்களைச் சேர்த்துப் புதிதாகக் கற்றுக்கொடுத்து, அதற்கும் அதே போன் படங்களைக் காட்டினார். எழுபத்துநாலு.

தொண்ணூற்றெட்டு எழுபத்துநாலாக வளர்ந்திருப்பதைத் தாமோதரனால் ஒரு சாதனையாகப் பார்க்க முடியவில்லை. போன் படங்களையும் கற்றுக்கொடுக்கும் குவியலிலேயே போட்டுவிட்டால் எண் ஏறுமே என்று ஒரு வழி சொன்னார்.

"அது கொஸ்டின் பேப்பர முன்னாடியே குடுக்கற மாதிரிப்பா."

தாமோதரன் ஆதரவு தேடி மனைவியைப் பார்த்தார். பிரபாவதி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நிமிராமலேயே, "எழுபத்துநாலுன்னே போடு" என்றார். கணக்கு டீச்சர் வீட்டில் மேல்முறையீடு கிடையாது.

நேர்காணல் அன்று கல்லூரியில் ஓர் அநியாயம் நடந்தது. பெற்றோர்களை வராந்தாவிலேயே நிறுத்திவிட்டார்கள். பல ஆராய்ச்சிகள் அங்கேயே அநாதையாயின. கல் எப்படிக் கண்ணில் தெரிகிறது என்று கேட்டதற்கு ஆதித்யா யோசித்துப் பார்த்து, "அப்பாவைக் கேட்டுட்டு வரட்டுமா மேடம்?" என்றான். நல்ல பையன், உண்மையைத்தான் சொன்னான்.

சஹானா உள்ளே போனபோது, நடுவில் உட்கார்ந்திருந்த பேராசிரியர் பர்வதம் கையிலிருந்த தாளைப் பார்த்து, தொண்ணூற்றெட்டு என்று எழுதி அனுப்பிவிட்டு எழுபத்துநாலோடு வந்திருக்கிறாயே, ஏன் என்று கேட்டார். சஹானா ஷூவிலிருந்து தொடங்கினார். இரண்டு அங்கிள்களின் எல்லை, பறவை மாற்றம், போன் படங்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பர்வதம் சிரிக்கவில்லை.

"மீதி இருபத்தாறு ஏன் தப்பாகுது?"

"தெரியாது மேடம். தப்பா சொன்ன படத்த எல்லாம் தனியா வச்சிருக்கேன். நெறைய படத்துல பறவை கூட்டுக்குள்ள, கொம்புக்குப் பின்னால இருக்கு. அதுதான் காரணமான்னு பாக்க நேரம் பத்தல."

"இடம் கெடைக்கலன்னா?"

அந்தக் கேள்விக்கு சஹானா தயாராக வந்திருக்கவில்லை. "வீட்ல வச்சுப் பாப்பேன் மேடம். இங்கன்னா சீக்கிரம் முடியும்," என்றார்.

வராந்தாவில் தாமோதரன் என்ன கேட்டார்கள், என்ன சொன்னாய் என்று துளைத்தார். 'தெரியாது' என்று சொன்னதாகக் கேள்விப்பட்டதும் ஒரு தூணில் சாய்ந்துகொண்டார். தேர்வானவர்களின் பெயர்கள் வெளியானபோது அவர் மேலிருந்து படித்து நம்பிக்கை இழந்துவிட்டார். பிரபாவதி கீழிருந்து படித்தார். கடைசிப் பெயருக்கு முந்தைய பெயர்.

மே மாதம் முகாம் தொடங்கியது. ரோபோ வரும், கை குலுக்கும் என்று எதிர்பார்த்து வந்த பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கணினியும், மாமல்லபுரம் கடலில் போகும் மீன்பிடிப் படகுகளின் படங்களும் தரப்பட்டன. ஒவ்வொரு படகையும் சுற்றி மவுஸால் ஒரு கட்டம் வரைய வேண்டும். இதுதான் ஆராய்ச்சியா, எத்தனை படம், எப்போது முடியும் என்று அறை முழுக்க முணுமுணுப்பு எழுந்தது. மேற்பார்வைக்கு நின்ற ஆராய்ச்சி மாணவர், ஏதாவது சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றார்.

சஹானா கையைத் தூக்கி, "இந்தப் படத்தையெல்லாம் யார் எடுத்தது சார்? ஒருத்தரேவா?" என்று கேட்டார்.

அந்த மாணவருக்குத் தெரியவில்லை. பக்கத்து அறையில் கேட்டார், அங்கேயும் தெரியவில்லை. விசாரித்துச் சொல்வதாக மாடிக்குப் போனார். சஹானா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் படகுக்குக் கட்டம் வரையத் தொடங்கினார்.