நான்காவது வரி: நூ ஸலோன்

1

திருவண்ணாமலையில் ஒரு தனியார் கல்லூரியில் பிரெஞ்சு நடத்தச் சேர்ந்த முதல் நாளே பிரின்சிபால் விஷயத்தை உடைத்துவிட்டார்.

"பிரெஞ்சுக்கு நீங்க ஒருத்தர்தாம்மா. ஹெச்.ஓ.டி.யும் நீங்கதான், பியூனும் நீங்கதான்."

அவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. ஸ்டாஃப் ரூமில் தமிழ்த்துறையினர் கூட்டமாக உட்கார்ந்து சண்டை போடுவார்கள். சண்டை போடக்கூட என் துறையில் ஆள் கிடையாது. மார்க் ஜாஸ்தி வரும் என்று நாலைந்து பிள்ளைகள் பிரெஞ்சு எடுப்பார்கள், அவ்வளவுதான்.

2

பிரெஞ்சில் 'அலே' என்றால் போவது. இர்ரெகுலர் வெர்ப். சாதாரண வினைகளுக்கு ஒரு ஃபார்முலா உண்டு, இது எதற்கும் அடங்காது. மண்டையில் ஏற்றுவதுதான் ஒரே வழி. அதனால் பிள்ளைகளை வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டுச் சொல்ல வைப்பேன்.

"ழு வே, து வா, இல் வா, நூ ஸலோன், வூ ஸலே, இல் வோன்."

நான் போகிறேன், நீ போகிறாய், அவன் போகிறான், நாம் போகிறோம், நீங்கள் போகிறீர்கள், அவர்கள் போகிறார்கள். இப்படிப் படித்தால் ஒரு தொல்லை உண்டு. ஐந்தாவது வரியான 'நீங்கள்' வேண்டுமென்றால் முதல் வரியான 'நான்' என்று தொடங்கி ஏறி வரவேண்டும். நடுவில் குதிக்க வராது. பிள்ளைகளை இதற்காகத் திட்டுவேன். எனக்கும் குதிக்க வராது என்பது அவர்களுக்குத் தெரியாது. சென்னையில் எனக்குப் பாடம் எடுத்தவரே ஒரு பிரெஞ்சுக்காரரிடமும் பேசியதில்லை என்றுதான் கேள்வி.

3

செங்கம் ரோட்டில் என் அறைக்கு மேல் அறையில் எலேன் என்று ஒரு வயதான பிரெஞ்சுக்கார அம்மா குடியிருந்தார். மலையைப் பார்த்துக்கொண்டு இருக்க வந்தவர். அவர் படியிறங்கும் சத்தம் கேட்டால் நான் கதவைச் சாத்திக்கொள்வேன். வாயைத் திறந்தால் என் பிரெஞ்சின் வண்டவாளம் தெரிந்துவிடுமே என்ற பயம். எனக்கும் பேச ஆளில்லை, அவருக்கும் ஆளில்லை. ஆனாலும் மாதக்கணக்கில் அப்படியே இருந்தோம்.

ஒரு காலையில் வீட்டுக்கார அம்மா ஓடி வந்தார்.

"டீச்சர், மேல இருக்கற அம்மாவுக்கு ஜுரம் கொதிக்குது. ரெண்டு நாளா ஒண்ணும் சாப்புடல. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னு கட்டிலப் புடிச்சிக்கினு கெடக்குறாங்க. வண்டி வாசல்ல நிக்குது. அவங்க பாஷையில நீங்க சொல்லுங்க."

போனேன். உதடெல்லாம் வெடித்துப் போய்க் கிடந்தார். 'நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்கள்' என்று சொல்லவேண்டும். நேரே ஐந்தாவது வரிக்குக் குதிக்க வரவில்லை. வேறு வழியில்லாமல் முணுமுணுப்பாகத் தொடங்கினேன்.

"ழு வே... து வா... இல் வா..."

"இன்னா டீச்சர், மந்திரமா?" என்றார் வீட்டுக்கார அம்மா.

கட்டிலில் அந்த அம்மா கண்ணைத் திறந்தார். "நூ ஸலோன்," என்றார். அதே ராகம். அவர் ஊரிலும் சின்ன வயதில் இப்படித்தான் ஒப்பித்திருக்கிறார்கள்! நான் ஐந்தாவது வரிக்குப் போக வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"நூ?"

நாமா? நீயும் வருகிறாயா? அப்போதுதான் புரிந்தது. அவருக்கு ஊசிக்குப் பயமில்லை. வாய்விட்டுப் பேச முடியாத இடத்தில் ஒண்டியாகப் படுத்திருக்கத்தான் பயம். அந்தப் பயத்தை எனக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

"நூ," என்றேன். "நூ ஸலோன்."

கட்டிலை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

4

கல்லூரி விட்டதும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போவேன். படுத்தபடியே என் உச்சரிப்பைத் திருத்துவார். வாழ்க்கையில் நான் வயிறு நிறையப் பேசியது அந்த நாட்களில்தான். உடம்பு தேறியதும் அவருடைய மகள் வந்து ஊருக்கு அழைத்துப் போய்விட்டாள். மேல் அறைக்கு ஒரு பேங்க் கிளார்க் குடும்பம் வந்தது. நல்ல ஜனங்கள்தான். இருந்தாலும் படியில் சத்தம் கேட்டால் கதவைத் திறந்து பார்ப்பேன். எண்பதுகளில் பிள்ளைகள் சேராமல் பிரெஞ்சையே மூடிவிட்டார்கள்.

மொழி கற்பிக்க வரும் இளையவர்களுக்கு என்னிடம் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. வாய்ப்பாட்டை முழுதாக மனப்பாடம் செய்ய வையுங்கள். ஆனால் ஒருவரிடம் ஐந்தாவது வரியைச் சொல்லுமுன், நான்காவது வரி போதுமா என்று பாருங்கள்.

போன மாதம் கண் ஆபரேஷனுக்குப் போனேன். ஆட்டோவில் ஏறும்போது வாய் தானாக "ழு வே" என்றது. முதல் வரி. அதற்கு மேல் போகவில்லை.