தம்பிக்கு வந்த மறதி

போன வருஷம் பள்ளிக்கூடங்கள் திறந்த சமயம். ராஜகீழ்ப்பாக்கத்தில் அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்களுக்கான பகல் நேர மையம் ஒன்றில் குடும்பத்தினர் கூட்டம். என் தம்பி பல வருஷமாக அங்கே போய்வருகிறான். டவுன் சிண்ட்ரோம் உள்ளவன், நாற்பதைத் தாண்டிவிட்டான். அப்பா, அம்மா போன பிறகு அவனுக்கு எல்லாமே நான்தான். யாரும் கேட்காமலே அதை நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளும் குணமும் எனக்கு உண்டு.

மையம் நடப்பது ஒரு வாடகை வீட்டில். கீழே ஒரு ஹால், மாடியில் ஓர் அறை. அதுவரை எல்லாரும் கீழேயே ஒன்றாக இருந்தார்கள். பாட்டு, படம் வரைவது, சாப்பாடு, குட்டித் தூக்கம். இப்படியே போனால் இவன் எப்போது முன்னேறுவது என்று எனக்கு ஆத்திரம். ஆபீசில் ஒரு செக்‌ஷனையே விரட்டி வேலை வாங்குகிறவள், இங்கே மட்டும் சும்மா இருப்பேனா? ஒரு கேட்டரிங்காரரிடம் பேசி, ஸ்பூனையும் டிஷ்யூ பேப்பரையும் கவரில் போட்டு ஒட்டும் வேலையைப் பிடித்தேன். வேலை செய்ய முடிந்தவர்கள் மாடியில், மற்றவர்கள் கீழே என்று பிரித்துவிடலாம் என்று கூட்டத்தில் நானே எழுந்து சொன்னேன்.

மையத்தை நடத்தும் மேடம் தயங்கினார். என் தம்பிக்கு அங்கே ஒரு நண்பர் உண்டு. அவனைவிட மூத்தவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், பேச்சு வராது, கையும் நடுங்கும். மதியம் அவருக்குச் சோறு ஊட்டுவது என் தம்பிதான்.

"அவங்க ரெண்டு பேரையும் பிரிச்சா கஷ்டப்படுவாங்கம்மா" என்றார் மேடம்.

"சோறு ஊட்டறதுக்கா நான் இவனை அனுப்பறேன்? அதுக்கு ஆயா இருக்காங்க இல்ல?" என்றேன்.

அந்த நண்பரின் அம்மா எனக்கு அடுத்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். வீடுகளில் சமையல் வேலை செய்பவர். ஒன்றும் சொல்லாமல் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார். எல்லாரும் சரி என்று கை தூக்கினோம். யாரைப் பற்றிப் பேசினோமோ அவர்கள் வெளியே உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தம்பி மாடிக்குப் போனான், மதியச் சாப்பாடும் அங்கேயே. அவன் வேலைக்குப் போகிறான் என்று காலனி முழுக்கப் பீற்றிக்கொண்டேன். அதெல்லாம் சில வாரங்கள்தான். ஒரு கவரில் இரண்டு ஸ்பூன், அடுத்ததில் ஒன்றுமே இல்லை என்று மேடம் போன் செய்தார். வீட்டிலும் அதே கதை. தானே சட்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறவன், பொத்தானை ஏறுமாறாக மாட்டிக்கொண்டு வந்து நின்றான். கேட்டால், "மறந்துட்டேன்க்கா" என்பான். ஒருநாள் காலையில் எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. மூன்றாவது முறையும் அவன் தப்பாக மாட்டவே, பளாரென்று அறைந்துவிட்டேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அப்போதும் அதையேதான் சொன்னான்.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். இந்தக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சீக்கிரமே மறதி நோய் வரக்கூடும், ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்றார். அடித்த கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது. என்னையும் ஒருநாள் மறந்துவிடுவானோ என்று ஜெபம் பண்ணும்போதெல்லாம் அழுதேன்.

ஸ்கேன் எடுப்பதற்கு முன்னால், அவனால் என்னென்ன முடிகிறது என்று மையத்து மாடி அறையிலும் ஒருமுறை சோதித்துப் பார்த்தார்கள். நான் லீவு போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்திருந்தேன். எண்ணச் சொன்னார்கள், தப்பு. பொத்தான் மாட்டச் சொன்னார்கள், அதுவும் தப்பு. கடைசியில் அவனே மேடத்திடம் கேட்டான்.

"மிஸ், நான் ஃபெயிலா?"

மேடம் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஃபெயில்னா கீழதானே?" என்றவன், பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினான். நான் பின்னாலேயே ஓடினேன்.

ஹாலில் அந்த நண்பர் முன்னால் ஆயா கிண்ணத்தோடு நின்றிருந்தார். "வாயவே தொறக்க மாட்டேங்கறாரும்மா. உங்க தம்பி மாடிக்குப் போனதுலேர்ந்து ரெண்டு வாய்க்கு மேல எறங்கறதில்ல" என்றார். மனிதர் பாதியாக இளைத்திருந்தார். தம்பி போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். அவருடைய சட்டையில் திறந்துகிடந்த பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகச் சரியாக மாட்டிவிட்டான். பிறகு தயிர் சாதத்தைப் பிசைந்து, "அண்ணா, ஆ" என்றான். அவர் வாயைத் திறந்தார்.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் தம்பி எதையும் மறக்கவில்லை. தெரிந்ததையெல்லாம் தெரியாது என்று சொல்லி, என்னிடம் அறையும் வாங்கிக்கொண்டு, தன் நண்பரிடம் திரும்பிப் போக ஒரு வழி தேடியிருக்கிறான்.

அந்த நண்பரின் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. "வுடும்மா, நானுந்தான் அன்னிக்கு வாயத் தொறக்கல. இப்ப எம்புள்ள துன்றான், அது போதும்" என்றார். அதைக் கேட்டு இன்னும் கூசிப்போனேன்.

அடுத்த கூட்டத்தில், யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர்களையும் எங்களோடு உட்காரவைத்தோம். கவர் போடும் வேலை கீழே ஹாலுக்கே வந்துவிட்டது. தம்பி கவரில் போடுவான், அவனுடைய நண்பர் நடுங்கும் கையால் அதை ஒட்டி அழுத்துவார். வேலை மெதுவாக நடக்கிறது என்று ஒன்றிரண்டு பேர் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும், நானும் அப்படிப்பட்டவளாகத்தானே இருந்தேன்.

தம்பி இப்போதும் எப்போதாவது, "மறந்துட்டேன்க்கா" என்று வந்து நிற்கிறான். இந்தத் தடவை அவனிடமிருந்து எதைப் பிடுங்கிவிட்டேனோ என்றுதான் எனக்கு முதலில் பயம் வருகிறது.