குட்டி என்றொரு சொல்

பொய்ச் செய்தி எங்கே பிறந்து எப்படி ஊர் சுற்றுகிறது என்று தேடுகிற ஆய்வுக் குழுவொன்றுக்குக் கோவில்பட்டிப் பக்கம் நான்தான் ஆள். பெரிய படிப்பில்லை. செல்போனை நோண்டிக் கற்றதுதான் எல்லாம். வாய் கொஞ்சம் நீளம் என்பதால் எவரும் என்னிடம் பேசிவிடுவார்கள்.

அந்த மாதம் செல்போன் குழுக்கள் எல்லாவற்றிலும் ஒரே குரல்பதிவு. "ஏலே, குட்டியத் தூக்கிட்டுப் போயிட்டானுவ! வெள்ளை வேனு, ரெண்டு பேரு. பாத்தா விட்டுராதீய!" எங்கள் பக்கம் பெண்பிள்ளையையும் செல்லமாகக் குட்டி என்போம். வெள்ளை வேனில் போர்வை விற்க வந்த இருவரை ஊருக்குப் பாதை பிரியும் ஒரு விலக்கில் மறித்து அடித்துவிட்டார்கள்.

'உனக்கு யார் அனுப்பியது' என்று ஆள் ஆளாகக் கேட்டுக்கொண்டே போய், எப்போதும்வென்றான் ஊரைத் தாண்டி ஒரு புஞ்சையில் அந்தக் குரலை நேரிலேயே கேட்டேன். ஆடு மேய்ப்பவர். குட்டி களவுபோன அன்று மச்சினனுக்குப் பேசி அனுப்பியிருக்கிறார்.

"மொதல்ல 'நம்ம செவலை ஆடு போட்ட குட்டி'ன்னுதான் சொன்னேன் அண்ணாச்சி. அந்தப் பேச்ச மட்டும் எவனோ வெட்டிப்புட்டான். இப்ப டீ கேக்கவே வாயத் தொறக்கப் பயமாருக்கு. கொரல் தெரிஞ்சா எவன் புஞ்சையில கிடை போட விடுவான்?"

எருவுக்காக அடுத்தவர் நிலத்தில் ஆடுகளை அடைத்து வைக்கும் கிடைதான் அவருக்குச் சோறு. அந்தப் பதிவை நீக்கச் சொல்லிச் செயலி நிறுவனத்துக்கு நான் எழுதிய புகாருக்கு, விதிமீறல் எதுவும் இல்லை என்று பதில் வந்திருந்தது.

"நீங்களே பேசிருங்க, அது ஆட்டுக்குட்டின்னு. ஊரு அடங்கிரும்" என்றேன்.

"நெல்லக் கொட்டினா அள்ளலாம், சொல்லக் கொட்டினா அள்ள முடியுமா?" என்று சிரித்தார். "சரி, ஒங்கள நம்பிப் பேசுதேன்."

பேசினார். ஆடு, குட்டி, திருடன் எல்லாம் தெளிவாக. எல்லாக் குழுக்களுக்கும் நான்தான் அனுப்பினேன்.

மறுநாள் மத்தியானம் அது எனக்கே திரும்பி வந்தது. மேலே யாரோ எழுதியிருந்தார்கள்: 'ரெண்டும் ஒரே குரல். உஷார். பிள்ளை பிடிக்கிற கூட்டத்து ஆளே இவன்தான்.'

வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். புஞ்சையில் புழுக்கை மட்டும் கிடந்தது. "நாலு பேரு வந்து கேட்டாவ. எதுக்கு வம்புன்னு நான்தான் போகச் சொல்லிட்டேன்" என்றார் நிலத்துக்காரர்.

இப்போதும் அழைத்தால் அவர் எடுக்கிறார். ஆடுகள் கத்துவது கேட்கிறது. மன்னிப்புக் கேட்கிறேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும். நான் பதிவு செய்கிறேன் என்று நினைக்கிறாரோ என்னவோ.