அரை இஞ்ச், இருபது மரை

பம்புசெட்டுக்கு அரை இஞ்ச் சாக்கெட் வாங்கும்போது, இஞ்சுக்கு எத்தனை திருகு மரை என்று கடைக்காரரிடம் எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா?

நான் கேட்டதில்லை. எங்கள் ஊரில் யாருமே கேட்டதில்லை. தண்ணீர்க் குழாயைப் பொறுத்தவரை அரை இஞ்ச் என்றால் அரை இஞ்ச்தான். எந்தக் கடையில் வாங்கினாலும் ஏறும். லேசாகச் சிக்கினால் வெள்ளை டேப்பை நாலு சுற்றுச் சுற்றி, ரென்ச்சைப் போட்டு ஒரு இழு. இறுகினால் நல்லது, ஒழுகாது. திருவையாற்றுப் பக்கம் வயலும் போர்வெல்லும் உள்ள வீட்டில் வளர்ந்த எனக்கு இதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. அந்தத் திமிரில்தான் நேற்றுக் காலை ஒரு ஏர் ரைஃபிளைக் கெடுத்தேன்.

ரைஃபிள் என்னுடையது இல்லை. தஞ்சாவூரில் நான் பழகும் கிளப்புக்கு ஒரத்தநாட்டிலிருந்து பஸ் ஏறி வரும் என் தோழியுடையது. பத்து மீட்டரில் காகிதக் குறியைச் சுடும் போட்டி ரைஃபிள். அவளுக்கு இன்று திருச்சியில் செலக்‌ஷன். ஜூனியர் பிரிவு வயது இந்த வருடத்தோடு முடிகிறது. இதை விட்டால் அவளுக்கு அந்தப் பிரிவில் இன்னொரு வாய்ப்பு கிடையாது. நானும் சுடுவேன், ஆனால் என் குண்டு குறியில் பட்டாலே கிளப்பில் கைதட்டுவார்கள்.

போட்டி ரைஃபிளின் முனையில் ஒரு சாண் நீளத்துக்குக் குழாய் ஒன்றைத் திருகி மாட்டியிருப்பார்கள். குறி பார்க்கும் வளையம் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கும். குழாய் மயிரிழை கோணினாலும் குண்டு வேறு எங்கோ போகும். அவளுடையது அலுமினியம். "முன்பக்கம் வெயிட்டே இல்லடி, மூச்சு விட்டாலே ஆடுது" என்று ஒரு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் சொல்லாமல் ஆன்லைனில் ஸ்டீல் குழாய் ஒன்றை வரவழைத்தேன். அரை இஞ்ச் என்று போட்டிருந்தது. அவள் ரைஃபிள் முனையும் அரை இஞ்ச். வேறென்ன வேண்டும்?

பார்சல் நேற்றுக் காலைதான் வந்தது. துடைத்து வைக்கச் சொல்லி ரைஃபிள் பெட்டியை அவள் என்னிடம் விட்டிருந்தாள். பழைய குழாயைக் கழற்றிவிட்டுப் புதியதை ஏற்றினேன். முதல் சுற்று வெண்ணெய் மாதிரி போனது. ஒன்றரைச் சுற்றில் நின்றது. வழக்கம்போல வெள்ளை டேப். வழக்கம்போல ரென்ச். ஒரு இழு. கிரீச் என்று ஒரு சத்தம் வந்தது. குழாய் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து அவளிடமிருந்து போன்.

"தொடைச்சிட்டியா?"

"ம்."

"என்னடி ம்?"

"எண்ணெ போட்டுக்கிட்டு இருக்கேன்."

"நாலு மணிக்கு கிளப்புக்கு வந்துடுறேன். ஒரு இருவது குண்டு போட்டுப் பாத்துட்டு பேக் பண்ணிடலாம்."

மணி பதினொன்றரை. பெட்டியை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு லேத்துப் பட்டறைக்குப் பறந்தேன். லேத்துக்காரருக்கு முப்பது வயது இருக்கும். பெட்டியைத் திறந்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"யம்மா, இந்த வேலையெல்லாம் இங்க கெடையாது. மொதல்ல மூடு."

"காத்து துப்பாக்கிண்ணே. போட்டிக்கு சுடறது. உள்ள குண்டு இல்ல. கிளப் லெட்டர் இருக்கு, பாருங்க."

"ரோட்டுல போறவனுக்கு லெட்டரா தெரியும்? துப்பாக்கிதான தெரியும்."

லேத், அறுவடை மெஷினின் ஷாஃப்ட் ஒன்றைத் தானாகக் கடைந்துகொண்டிருந்தது. மெஷின்காரர் வாசலில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். வானம் கறுத்திருந்தது.

"குறுவை நெல்லு சாஞ்சு கெடக்கு, எப்ப ஊத்துமோன்னு நான் நிக்கிறேன். இந்தப் பொண்ணு பலூன் சுட வந்திருக்கு" என்றார்.

"பலூன் இல்லைங்க. நாளைக்கு செலக்‌ஷன். எனக்கில்ல, என் ஃப்ரெண்டுக்கு. அவளுக்கு இதான் கடைசி. அவ துப்பாக்கிய நான் கெடுத்துட்டேன். அவளுக்கு இன்னும் தெரியாது."

அதை அப்போதுதான் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். லேத்துக்காரர் குனிந்து பார்த்தார். மரைக்கு நடுவில் பிதுங்கிக்கொண்டிருந்த டேப்பை நகத்தால் இழுத்தார்.

"இது எதுக்கு? தண்ணி ஒழுகும்னா?"

மெஷின்காரர் சத்தமாகச் சிரித்தார். சிரித்துவிட்டு, "பாத்துக் குடுய்யா, ஷாஃப்டு பாட்டுக்கு ஓடட்டும்" என்றார்.

"இந்த ஓட்டம் முடியக் கால் மணி ஆவும். அதுக்குள்ள ஆனா ஆச்சு, இல்லன்னா எடுத்துட்டுப் போயிடணும்."

லேத்துக்காரர் ரப்பர் துண்டு சுற்றி ரைஃபிளை வைஸ் இடுக்கியில் பிடித்தார். தூள் உள்ளே போகாமல் குழல் வாயைக் கிரீஸால் அடைத்தார். எண்ணெய் விட்டு, கால் சுற்று பின்னால், கொஞ்சம் முன்னால், மறுபடி பின்னால். நான் லேத்தைப் பார்த்தேன். ஷாஃப்டில் பாதி பளபளவென்று ஆகியிருந்தது. கடைசியில் ஸ்டீல் குழாய் கழன்று வந்தது. கூடவே வெள்ளி இழை போல இரும்பும் வந்தது.

சீப்பு மாதிரி பல் வைத்த தகடுகளை ஒவ்வொன்றாக மரையில் பொருத்திப் பார்த்தார்.

"துப்பாக்கில இஞ்சுக்கு இருவது மரை. நீ வாங்குனதுல இருவத்தெட்டு. ரெண்டும் அரை இஞ்ச்தான். ஒரு சுத்து ஏறும், அப்பறம் ஒண்ண ஒண்ணு கடிச்சுக்கும்."

"இப்ப என்னண்ணே பண்றது?"

"பழைய டிராக்டர் போல்ட்டுல இதே மரை வரும். அந்த டை இருக்கு, விட்டுப் பாப்போம்."

மரை வெட்டும் அந்த டையைக் கையாலேயே மெதுவாகச் சுற்றி, கடிபட்ட மரைகளைச் சீர் செய்தார். முதல் இரண்டு மரை மொட்டையாகிவிட்டது. மற்றவை தேறின. பழைய அலுமினியக் குழாயை ஏற்றினார். நேராக நின்றது.

"ரெண்டு போச்சு. மிச்சம் புடிக்கும். கையால மட்டும் இறுக்கு. ரென்ச்சத் தொட்டேன்னா நானே போலீசக் கூப்புடுவேன்."

நாலு மணிக்கு அவள் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் குழாயைக் கழற்றி, அந்த மொட்டை மரையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"வெயிட் வேணும்னு சொன்னேன். வாங்கி மாட்டுன்னு சொன்னேனா?"

"இல்ல."

"என்னக் கேட்டியா?"

"இல்ல."

குழாயை மறுபடி கையால் மாட்டினாள். சுட ஆரம்பித்தாள். முதல் ஐந்து குண்டும் இடது பக்கம், ஏழாம் வளையத்தில். குறி பார்க்கும் திருகைத் திருப்பினாள். எட்டு, ஒன்பது, பத்து. பிறகு நடுவிலிருக்கும் பத்திலேயே நின்றது. இருபதாவது குண்டு மறுபடி ஒன்பதுக்கு நகர்ந்தது. அவள் கை நீட்டிக் குழாயைத் தொட்டாள். துளி தளர்ந்திருந்தது. கையால் இறுக்கினாள்.

"போட்டியில மொத்தம் அறுவது குண்டு. தாங்குமா?"

"தெரியலடி."

"நாளைக்கு எம் பின்னாடி வந்து நிக்காத. நீ மூச்சு விடுறது எனக்குக் கேக்கும்."

அதனால்தான் திருச்சியில், சுடும் கூடத்துக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று இதை போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். பத்துக் குண்டுக்கு ஒருமுறை ரைஃபிளை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, அவள் கை முனைக்குப் போகிறது. குழாயைப் பிடித்துப் பார்க்கிறது. முப்பதுக்குப் பிறகு கொஞ்சம் திருகியது. நாற்பதுக்குப் பிறகும் திருகியது.

இப்போது நாற்பத்து மூன்றாவது குண்டை ஏற்றுகிறாள்.