புள்ளிக்கு வாங்கிய லைட்டு

சின்ன மாமா சென்னையிலிருந்து வருகிறார் என்றால் அல்வா வரும். அந்த வருஷம் பல்லி வந்தது.

சுவரில் ஓடுகிற பல்லி அல்ல. ஒரு சாண் நீளம், மஞ்சள் உடம்பு, மேலெல்லாம் கறுப்புப் புள்ளி. கண்ணாடித் தொட்டிக்குள் இருந்துகொண்டு சிரிக்கிற மாதிரி பார்த்தது. எனக்கு அப்போது பத்து வயது. பார்த்த நிமிஷமே புள்ளி என்று பேர் வைத்துவிட்டேன். அம்மாவுக்குப் பல்லி என்றாலே குலைநடுக்கம். கொண்டுவந்தது கூடப்பிறந்த தம்பி என்பதால் அதிகம் திட்ட முடியவில்லை. “அது இருக்குற ரூமுக்குள்ள நான் கால் வைக்க மாட்டேன்” என்று மட்டும் சொன்னாள், சொன்னபடியே இருந்தாள். அடுத்த தெருவிலிருந்த அத்தைக்கு வேறு கவலை. பல்லி சத்தம் போட்டால் பஞ்சாங்கத்தில் பலன் பார்ப்பவர் அவர். இதுவோ வாயே திறக்காது.

“பேசாத பல்லிக்கு எங்குட்டுப் போயிப் பலன் பாக்க?” என்று நொந்துகொள்வார்.

இரண்டே மாதத்தில் புள்ளியின் பின்னங்கால்கள் வளைய ஆரம்பித்தன. நடந்தால் வயிறு தரையில் இழுபட்டது. நான் அழுத அழுகையில் மாமா, விற்ற கடையில் விசாரித்துவிட்டு அப்பாவுக்குப் போன் செய்தார். பூச்சியில் கால்சியப் பொடி தூவிக் கொடுக்க வேண்டும், யூவி லைட்டும் போட வேண்டும், இல்லையென்றால் எலும்பு மெத்தென்று ஆகிச் செத்துப்போகும். அதோடு விட்டிருக்கலாம். “மதுரையில இதுக்குன்னே ஒரு கடை இருக்கு அத்தான், அங்க கேளுங்க” என்றும் சொல்லிவிட்டார்.

அப்பாவுக்கு வந்ததே கோபம்! காரைக்குடியில் எலெக்ட்ரிக் கடை வைத்திருந்தவர் அவர். பெயர்ப் பலகையில் கடைப் பேருக்குக் கீழேயே ‘இங்கே இல்லாத லைட்டே இல்லை’ என்று சிவப்பில் எழுதியிருக்கும். அதற்கும் கீழே ஃபில்டர் ரிப்பேர் என்று ஒரு வரி.

“லைட்டு வாங்க நான் மதுரைக்குப் போகணுமாக்கும்?” என்றவர், சாயங்காலமே ஒரு டியூப்போடு வந்தார். தண்ணீர் ஃபில்டருக்குள் போடுகிற யூவி டியூப். தொட்டியின் கம்பிவலை மூடிமேல் அதை வைத்துக் கட்டினார்.

“கிருமியக் கொல்லுற லைட்டுதானேப்பா இது? புள்ளியக் கொல்லாதா?” என்று கேட்டேன்.

“யூவின்னா யூவிதான். கடைக்காரன் மகளுக்கு இதுகூடத் தெரியலையே!”

சுவிட்சைப் போட்டதும் அறை முழுக்க நீல வெளிச்சம். அப்பா, நான், வேடிக்கை பார்க்க வந்த அத்தை, மூன்று பேரும் சாமி பார்ப்பது போல தொட்டியருகே முகத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். புள்ளி மட்டும் விருட்டென்று உள்ளே கவிழ்த்து வைத்திருந்த கொட்டாங்குச்சிக்கு அடியில் போய்ப் புகுந்தது. கூச்சப்படுகிறது என்றார் அப்பா.

காலையில் கண்ணில் மிளகாய்ப் பொடி தூவின மாதிரி எரிச்சல். திறக்க முடியவில்லை. அப்பா பக்கத்துக் கட்டிலில் முனகினார். அத்தை சுவரைத் தடவிக்கொண்டே வந்து வாசலில் நின்றார். அன்றைக்குப் பள்ளத்தூரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போக வேண்டியவர் பட்டுச்சேலையோடு கூலிங் கிளாஸ் போட்டிருந்தார். மெட்ராஸ் ஐ என்று தெருவே முடிவுகட்டி ஜன்னலைச் சாத்தியது.

டாக்டர் மூன்று பேரையும் பார்த்துவிட்டு, “இது மெட்ராஸ் ஐ இல்லையே. குடும்பத்தோட எங்கேயும் வெல்டிங்கை வேடிக்கை பாத்தீகளா?” என்றார்.

“நிச்சயத்துக்குக் கெளம்புனவளப் பாத்துக் கேக்குற கேள்வியா இது?” என்று அத்தை சீறினார். நான் லைட்டு என்று ஆரம்பித்தேன். அப்பா என் கையை அழுத்திவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை டாக்டர் கேட்டதைச் சொல்லிப் புலம்பினார். அம்மா ஒரு நிமிஷம் யோசித்தாள். “நேத்து அந்த ரூமுக்குள்ள போகாதவ நான் ஒருத்திதான். என் கண்ணு நல்லாத்தானே இருக்கு?” என்றாள். விடிய விடிய எரிந்த லைட்டு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய் சுவிட்சை அணைத்தாள். உள்ளே புள்ளி செத்துக் கிடக்கும் என்றே நினைத்தேன். அம்மா விளக்குமாற்றுக் குச்சியால் கொட்டாங்குச்சியை நெம்பிப் பார்த்தாள்.

“உசுரோடதான் இருக்கு. இந்த வீட்டுல அதுக்குத்தான் வெவரம் இருக்கு” என்றாள்.

மூன்றாம் நாள் அப்பா சரக்கு எடுக்கப் போவதாகச் சொல்லி, சிவந்த கண்ணோடு மதுரைக்குப் பஸ் ஏறினார். வரும்போது ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்தார், பல்லிக்கென்றே செய்த லைட்டு. சட்டைப் பையில் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு. எவ்வளவு உயரத்தில் மாட்டணும், எத்தனை மணி நேரம் போடணும், பிள்ளைகள் பக்கத்தில் இருக்கலாமா, கண்ணுக்கு ஒன்றும் ஆகாதே என்று வரிசையாகக் கேள்விகள், எதிரே பதில்கள். வெயிலில்கூட யூவி உண்டு, அதில்தான் பெயிண்ட் வெளிறுகிறது என்றும் ஓரத்தில் எழுதியிருந்தார். அந்த லைட்டிலும் பொடியிலும் புள்ளி தேறிவிட்டது. இடது கால் மட்டும் கடைசிவரை கொஞ்சம் வளைந்தே இருந்தது.

அடுத்த வாரம் கடைக்குப் போனபோது பலகையில் அந்தச் சிவப்பு வரியைக் காணோம். கேட்டேன்.

“வெயில்ல வெளிறிப்போச்சும்மா” என்றார் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல்.

மேலே கடைப் பேர் பளிச்சென்று இருந்தது. கீழே ஃபில்டர் ரிப்பேர் என்ற வரியும் பளிச்சென்று இருந்தது. வெயிலில் பெயிண்ட் வெளிறும் என்று சீட்டிலேயே படித்திருந்த எனக்குச் சந்தேகமே வரவில்லை. எங்கள் ஊர் வெயில் வேண்டிய ஒரு வரியை மட்டும் பார்த்துத் தின்னும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.